பறக்கும் தட்டும் பூட்டிய அலமாரியும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவு என்பது கொஞ்சம் ராசியில்லாத நேரம். வாரம் முழுக்க உழைத்த இளவட்டங்கள் வெளியே சுற்றக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் டிவி பார்க்க ஆள் இருக்காது. 1993 செப்டம்பர் 10, அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு ஃபாக்ஸ் சேனலில் ஒரு புதுத் தொடர் ஆரம்பமானது. சேனல்காரர்களுக்கே அதன் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்கு முன்னால் எட்டு மணிக்கு வந்த 'பிரிஸ்கோ கவுன்ட்டி ஜூனியர்' என்ற கௌபாய் தொடர்தான் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கௌபாய் ஒரே வருடத்தில் மூட்டை கட்டிவிட்டார். ஒன்பது மணித் தொடர் ஒன்பது வருடம் ஓடியது. அதுதான் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்'.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வாஷிங்டனில் எஃப்.பி.ஐ. தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை. அதில் ஃபாக்ஸ் மல்டர் என்ற அதிகாரி, விடை கிடைக்காத விசித்திர வழக்குகளின் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். சின்ன வயதில் தன் தங்கையை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போனதாக நம்புகிறவர். அவரைக் கண்காணிக்க (உண்மையில், அவர் வேலையை மட்டம் தட்ட) டேனா ஸ்கல்லி என்ற பெண் அதிகாரியை மேலிடம் அனுப்புகிறது. அவர் மருத்துவம் படித்தவர், ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்பது மல்டரின் கட்சி. எதை, யார், எதற்கு என்று கேட்பது ஸ்கல்லியின் கட்சி.

இதை உருவாக்கியவர் பெயர் கிறிஸ் கார்ட்டர். பறக்கும் தட்டைத் துரத்திக்கொண்டு வந்தவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவர் வந்தது கடற்கரையிலிருந்து!

அலைச்சறுக்குப் பத்திரிகையிலிருந்து...

கார்ட்டர் 1956 அக்டோபர் 13 அன்று கலிபோர்னியாவில் பெல்ஃப்ளவர் என்ற ஊரில் பிறந்தவர். (பிற்பாடு அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் 'டென் தர்ட்டீன்'. பத்தாம் மாதம் பதின்மூன்றாம் தேதி!) அப்பா கட்டட வேலை பார்த்தவர். பையனுக்கு அலைச்சறுக்கு என்றால் உயிர். லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து 1979ல் பட்டம் வாங்கினார். படித்த படிப்பையும் பிடித்த விளையாட்டையும் சேர்த்து, 'சர்ஃபிங்' என்ற பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து ஆசிரியர் பொறுப்புக்கும் வந்தார்.

டோரி பியர்சன் திரைக்கதை எழுதுகிறவர். 1987ல் கார்ட்டரை மணந்துகொண்டவர். அவர் தூண்டுதலில்தான் கார்ட்டர் சினிமா எழுத்துப் பக்கம் திரும்பினார். டிஸ்னிக்காக அவர் எழுதிய முதல் தொலைக்காட்சிப் படங்கள் எல்லாம் குழந்தைகளுக்கும் குடும்பத்துக்குமான நகைச்சுவை. அந்தப் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் இந்த மனிதர் பின்னால் அமெரிக்காவையே விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்க வைப்பார் என்று தோன்றாது.

ஆனால் அவர் மனசுக்குள் வேறு இரண்டு விஷயங்கள் ஊறிக்கொண்டிருந்தன.

ஒன்று, 1974ல் ஏபிசி சேனலில் வந்த 'கோல்ச்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற தொடர். ஒரு பத்திரிகை நிருபர் வாரா வாரம் ஒரு ரத்தக்காட்டேரியையோ பேயையோ கண்டுபிடிப்பார், யாரும் நம்ப மாட்டார்கள். இருபது பகுதிகளோடு நின்றுபோன தொடர்தான். ஆனால் பையனாக இருந்தபோது அதைப் பார்த்துப் பயந்த பயம் கார்ட்டருக்கு மறக்கவில்லை. 1992ல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ அவரை வேலைக்கு எடுத்தபோது, அந்த மாதிரி பயமுறுத்துகிற தொடர் ஒன்று வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். வாட்டர்கேட்.

நம்பிக்கை உடைந்த தலைமுறை

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பூட்டை உடைத்துப் புகுந்து பிடிபட்டார்கள். அடுத்த வருடம் கோடை முழுக்க அமெரிக்க மேலவை விசாரணை டிவியில் நேரடியாக வந்தது. ஜனாதிபதி தன் அறையிலேயே ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார் என்பதும், ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோயிருக்கிறது என்பதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவியை விட்டுப் போனார். கார்ட்டருக்கு அப்போது பதினேழு வயது. அந்த வயதில் ஒரு பையன் கற்றுக்கொண்ட பாடம் என்ன? நாட்டின் மிகப் பெரிய நாற்காலியில் இருப்பவரே கேமரா முன்னால் பொய் சொல்வார் என்பதுதான். இளம் வயதில் தன்னை மிகவும் பாதித்தது வாட்டர்கேட்தான் என்று கார்ட்டர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் எக்ஸ் ஃபைல்ஸின் இரண்டாவது பகுதியிலேயே, வாட்டர்கேட்டில் நிருபர்களுக்குத் தகவல் கொடுத்த முகம் தெரியாத மனிதரின் பட்டப்பெயரான 'டீப் த்ரோட்' என்பதையே வைத்து, மல்டருக்கு ரகசியம் சொல்கிற ஓர் ஆள் வருகிறார். முதல் வருடக் கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சாகும்போது, யாரையும் நம்பாதே என்று ஸ்கல்லியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

நிஜ 'டீப் த்ரோட்' யார் என்பது 2005ல்தான் தெரிந்தது. எஃப்.பி.ஐ.யிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட்! இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அரசாங்கத்தின் அத்துமீறலை அம்பலப்படுத்திய அதே ஃபெல்ட், தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று அவர்களுடைய சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் வீடுகளில் வாரண்ட் இல்லாமல் புகுந்து சோதனை போட அனுமதி கொடுத்த குற்றத்துக்காக 1980ல் தண்டிக்கப்பட்டவர். மறு வருடம் ரீகன் மன்னிப்புக் கொடுத்தார். ரகசியத்தை உடைத்தவரும் ரகசியமாகத் தப்புச் செய்தவரும் ஒரே ஆள். கார்ட்டர் எழுதியிருந்தால் ரொம்ப மிகை என்று சொல்லியிருப்பார்கள்.

37 லட்சம் பேர் எங்கே போனார்கள்?

பேய் சரி, அரசாங்கம் சரி... பறக்கும் தட்டு எங்கிருந்து வந்தது? ஒரு கருத்துக் கணிப்பிலிருந்து.

1991ல் ரோப்பர் நிறுவனம் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 6,000 பேரிடம் ஒரு கணிப்பு நடத்தியது. மறு வருடம் வெளியான அந்த அறிக்கையோடு சம்பந்தப்பட்டவர் ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜான் மேக், புலிட்சர் பரிசு வாங்கியவர். அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 37 லட்சம் பேர், வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை! அது கார்ட்டர் கைக்குக் கிடைத்தது. தொடரின் யோசனையை முதல் முறை சொன்னபோது ஃபாக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் போனார். வேற்றுக்கிரகவாசி இருக்கிறானா இல்லையா என்பது அங்கே கேள்வி இல்லை. இத்தனை லட்சம் பேர் நம்புகிற விஷயத்துக்கு டிவியில் ஒரு தொடர் கூட இல்லையே என்பதுதான் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் கணிப்பில், உங்களை யாராவது கடத்தினார்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தூக்கத்தில் விழித்து உடம்பை அசைக்க முடியாமல், பக்கத்தில் யாரோ நிற்பது போல உணர்ந்ததுண்டா? ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எங்கே போனது என்று தெரியாமல் இருந்ததுண்டா? பறப்பது போலத் தோன்றியதுண்டா? அறையில் காரணம் தெரியாத வெளிச்சம்? உடம்பில் எப்படி வந்தது என்று தெரியாத தழும்பு? இந்த ஐந்தில் நான்குக்கு ஆமாம் என்றவர்களையெல்லாம் கடத்தப்பட்டவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். முதல் கேள்வியில் சொன்னதை நம்மூர்ப் பாட்டிகள் அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவர்கள் தூக்க வாதம் என்பார்கள். மூளை விழித்துக்கொண்டு உடம்பு விழிக்காத சில நொடிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பேய்க்கு ஒரு முகம் உண்டு. அமெரிக்காவில் அதற்குப் பெரிய கண்ணும் சாம்பல் நிறத் தோலும் வந்துவிட்டது.

ஆக, ஓட்டைக் கணக்கு ஒன்றில் முளைத்த தொடர் இது. ஆனால் அந்த ஓட்டையைக் கேள்வி கேட்கிற ஆளையும் கார்ட்டர் கதைக்குள்ளேயே வைத்தார். அதுதான் ஸ்கல்லி. வழக்கமாக ஆண்தான் அறிவு பேசுவான், பெண்தான் உள்ளுணர்வு பேசுவாள். கார்ட்டர் அதைத் தலைகீழாக்கினார். மல்டர் என்பது அவர் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். ஸ்கல்லி என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் பெயர். கார்ட்டர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குரல் அது.

நிஜக் கோப்புகள்

எக்ஸ் ஃபைல்ஸ் எடுபட்டதற்குக் காரணம் டேவிட் டுகோவ்னியும் ஜில்லியன் ஆண்டர்சனும் மட்டுமல்ல, மார்க் ஸ்னோவின் அந்த விசில் இசையும் மட்டுமல்ல. நிஜ உலகமே கதைக்கு ஒத்து ஊதியதுதான் காரணம்.

தொடர் ஆரம்பித்து இரண்டு மாதம் கூட ஆகியிருக்காது. 1993 நவம்பரில் 'ஆல்புகர்க்கி ட்ரிப்யூன்' என்ற ஊர்ப் பத்திரிகையில் எய்லீன் வெல்ஸம் என்ற நிருபர் ஒரு தொடர் கட்டுரை எழுதினார். 1945 முதல் 1947 வரை 18 நோயாளிகளுக்கு, என்ன மருந்து என்று சொல்லாமலே, அணுகுண்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்காகப் புளூட்டோனியம் ஊசி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. பலியானவர்களைப் பெயரோடு தேடிக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். அரசாங்கம் விசாரணைக் குழு போட வேண்டியதாயிற்று.

அது மட்டுமா? டஸ்கீகியில் 1932லிருந்து 1972 வரை நாற்பது வருடம், பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை. சி.ஐ.ஏ. 1953ல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தில் ஆட்களுக்குத் தெரியாமலே எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். 1973ல் அந்தக் கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது சி.ஐ.ஏ. தலைவரே. ஜெர்மன் விஞ்ஞானிகளை அவர்களுடைய நாஜிக் கறையைத் துடைத்துவிட்டு அமெரிக்காவுக்குக் கூட்டி வந்தது 'பேப்பர்க்ளிப்' திட்டம். மனிதர்களை வைத்துக் கொடூரச் சோதனை செய்த ஜப்பானிய 731வது படைப்பிரிவு மருத்துவர்களுக்கு, ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கொடுத்தால் வழக்கு இல்லை என்று சொல்லி அமெரிக்கா பேரம் பேசியது. கடைசி இரண்டையும் பெயரோடு எடுத்து 1995ல் எக்ஸ் ஃபைல்ஸ் பகுதிகளாக்கினார்கள்.

தொடரின் அடித்தளம் இதுதான். பறக்கும் தட்டு ஒரு சாக்கு. நம் உடம்பை வைத்து, நம்மைக் கேட்காமல், நமக்கே தெரியாமல் யாரோ எதையோ செய்கிறார்கள் என்ற பயத்தைத்தான் கார்ட்டர் எழுதினார். அந்தப் பயம் பொய்யல்ல. ஆவணம் இருக்கிறது.

1997 என்ற விசித்திர வருடம்

தொடரின் உச்சம் 1997. ஜனவரி 26 அன்று சூப்பர் பௌல் கால்பந்து முடிந்த கையோடு ஒளிபரப்பான பகுதியைச் சுமார் 2.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த வருடம் திரைக்கு வெளியே நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மார்ச்சில், செனட்டர் மோய்னிஹான் தலைமையிலான குழு அமெரிக்க அரசின் ரகசியக் கலாச்சாரத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. தேவையில்லாமல் எல்லாவற்றுக்கும் 'ரகசியம்' முத்திரை குத்தினால் மக்கள் எதையும் நம்ப மாட்டார்கள் என்பது அதன் சாரம். அதே மார்ச்சில், சான் டியேகோ பக்கத்தில் 'ஹெவன்ஸ் கேட்' என்ற குழுவைச் சேர்ந்த 39 பேர் ஒன்றாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு விண்கலம் வருகிறது, அதில் ஏறிப் போகலாம் என்ற நம்பிக்கையில்!

மே 16 அன்று டஸ்கீகி கொடுமைக்கு ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். இரண்டே நாள் கழித்து, மே 18 அன்று, எக்ஸ் ஃபைல்ஸின் நான்காம் வருடக் கடைசிப் பகுதி. கார்ட்டர் அதில் தன் தொடரின் காலையே வாரிவிட்டார். பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிற ஒருவர் மல்டரிடம் வந்து, வேற்றுக்கிரகவாசி என்பதே பொய், ராணுவ ரகசியங்களை மறைக்க நாங்களே பரப்பிய கதை, உன்னை மாதிரி ஆட்கள்தான் அதற்கு இலவச விளம்பரம் என்கிறார். நான்கு வருடம் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது.

அதே ஆகஸ்டில் இன்னொன்று செய்தியில் அடிபட்டது. சி.ஐ.ஏ.வுக்காக வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹெய்ன்ஸ் எழுதிய ஆய்வு அது. 1955ல் பறக்க ஆரம்பித்த யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறக்கும். பயணிகள் விமானங்கள் அப்போது 20,000 அடிக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன. அந்தி நேரத்தில் கீழே இருட்டிவிடும், மேலே யு-2வின் வெள்ளி நிற இறக்கையில் மட்டும் சூரிய வெளிச்சம் படும். பார்த்தவர்கள் பறக்கும் தட்டு என்று புகார் கொடுப்பார்கள். விமானப்படையின் 'ப்ளூ புக்' குழுவுக்கு விஷயம் தெரிந்தும் சொல்ல முடியாது. பனிப்படலம், வெப்பநிலை மாற்றம் என்று எதையாவது சொல்லி அனுப்புவார்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இப்படி உளவு விமானங்களைப் பார்த்ததுதான் என்றது அந்த ஆய்வு. பாதி என்ற அளவு அதிகம் என்று பிற்பாடு சிலர் மறுத்தார்கள். ஆனால் அரசாங்கம் மக்களிடம் தெரிந்தே தவறான காரணம் சொன்னது என்பதை யாரும் மறுக்கவில்லை.

ராஸ்வெல் கதையும் இதே மாதிரிதான். 1947 ஜூலை 8 அன்று 'பறக்கும் தட்டைப் பிடித்துவிட்டோம்' என்று அறிவித்தது ராணுவத் தளமே. ஒரு நாளுக்குள் அது வானிலை பலூன் ஆகிவிட்டது. 1994ல்தான் விமானப்படை உண்மையைச் சொன்னது. அது 'மோகுல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஓசையை வானத்தின் மேலடுக்கில் ஒட்டுக்கேட்க விட்டது. 47 வருடம் தாமதம்! இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரில் ஒரு பறக்கும் தட்டு அருங்காட்சியகமே வந்துவிட்டது. யாரைக் குறை சொல்வது?

எழுத்தாளர் மீது வழக்கு

கார்ட்டரைக் குறை சொன்னவர்களும் உண்டு. முக்கியமானவர் உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ். 1996ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் உரையில் அவர் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. வாரா வாரம் இரண்டு விளக்கங்கள் வருகின்றன. ஒன்று அறிவியல், ஒன்று அமானுஷ்யம். எப்போதும் அமானுஷ்யமே ஜெயிக்கிறது. இதையே ஒரு துப்பறியும் தொடராக வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர் என்று இரண்டு சந்தேக நபர்கள். எப்போதும் கறுப்பரே குற்றவாளி. அது வெறும் கதைதானே என்று விட்டுவிடுவோமா?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஸ்கல்லி கேட்பதெல்லாம் சரியான கேள்விகள், ஆனால் கதாசிரியர்கள் அவரைத் தோற்க வைத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் பகுதியே, ஆவணங்களில் உள்ள நிஜச் சம்பவங்களின் தூண்டுதலில் எழுதியது என்ற அறிவிப்போடுதான் ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், 2018ல் ஃபாக்ஸ் நிறுவனமும் சேர்ந்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வில், அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 63 சதவீதம் பேர் ஸ்கல்லியைத் தங்கள் முன்மாதிரி என்றார்கள். ஒவ்வொரு வாரமும் தோற்ற பெண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் அறிவியலை விரும்பியிருக்கிறார்கள்! கதையில் யார் ஜெயிக்கிறார் என்பது ஒன்று. யாரைப் போல ஆக வேண்டும் என்று பார்ப்பவர் நினைப்பது வேறு ஒன்று.

கார்ட்டரின் மற்ற தொடர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 'மில்லேனியம்' மூன்று வருடம் ஓடியது. 1999ல் வந்த 'ஹார்ஷ் ரெல்ம்' மூன்றே பகுதியோடு நிறுத்தப்பட்டது. எக்ஸ் ஃபைல்ஸில் வந்த மூன்று சதி ஆராய்ச்சிக் கிறுக்கர்களை வைத்து 2001ல் வந்த 'தி லோன் கன்மென்' 13 பகுதிகளில் முடிந்தது. அதன் முதல் பகுதி மார்ச் 4 அன்று ஒளிபரப்பானது. அரசாங்கத்துக்குள் இருக்கும் ஒரு கூட்டம், ஆயுத வியாபாரம் பெருக வேண்டும் என்று ஒரு பயணிகள் விமானத்தைத் தொலைவிலிருந்து இயக்கி நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மோத வைக்கப் பார்க்கிறது என்பது கதை.

ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. எழுதியவர்களுக்கே அது பேரதிர்ச்சி. ஆனால் சதிக் கதை பேசுகிறவர்கள் விடவில்லை. 'பார்த்தீர்களா, முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்' என்று அந்தப் பகுதியையே ஆதாரமாக்கிவிட்டார்கள். கற்பனை ஆவணமாகிவிட்டது. செப்டம்பர் 11க்குப் பிறகு எக்ஸ் ஃபைல்ஸ் பழைய வேகத்தில் ஓடவும் இல்லை. டுகோவ்னி ஏற்கெனவே விலகியிருந்தார். விடை சொல்லாமல் தள்ளிப்போட்ட முடிச்சுகள் தாங்களே சிக்கலாகிப் போயிருந்தன. 2002 மே 19 அன்று 202வது பகுதியோடு தொடர் நின்றது.

வாசகம் இரண்டு, ஓட்டை ஒன்று

தொடரைப் பார்க்காதவர்களுக்கும் இரண்டு வாசகங்கள் தெரிந்திருக்கும். மல்டரின் சுவரில் ஒட்டியிருக்கும், 'நம்ப விரும்புகிறேன்'. டீப் த்ரோட் சொல்லிவிட்டுப் போன, 'யாரையும் நம்பாதே'. தனித்தனியாக இரண்டும் அழகு. சேர்த்து வைத்தால் ஆபத்து. யாரையும் நம்பாத, ஆனால் எதையாவது நம்பியே ஆக வேண்டிய ஒருவர் என்ன செய்வார்? மருத்துவர் சொல்வதை நம்ப மாட்டார், பத்திரிகையை நம்ப மாட்டார், தன் மனசுக்குப் பிடித்த ஏதோ ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். தொண்ணூறுகளில் சந்தேகம் என்பது அதிகாரத்தைப் பார்த்துச் சாமானியன் கேட்ட கேள்வி. பிற்பாடு அதிகாரத்தில் இருப்பவர்களே சந்தேகத்தைக் கூறு போட்டு விற்க ஆரம்பித்தார்கள்.

தொடர் 2016லும் 2018லும் திரும்பி வந்தபோது இது அதன் எழுத்தாளர்களுக்கே புரிந்திருந்தது. 2018 ஜனவரியில் டேரின் மார்கன் எழுதிய பகுதியில், எல்லாச் சதிக்கும் காரணமான ஆள் ஒரு பூங்காவில் மல்டரைச் சந்திக்கிறார். உன் காலம் முடிந்துவிட்டது, இனி உண்மையை மறைக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லை, வெளியே போட்டாலும் எது உண்மை எது பொய் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். சிரிப்புப் பகுதிதான். சிரித்து முடித்த பிறகு வயிற்றைப் பிசைகிறது.

நிஜ உலகமோ எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, பறக்கும் தட்டு ஆராய பென்டகனில் சத்தமில்லாமல் ஒரு திட்டம் இருந்ததை வெளியிட்டது. 2021 ஜூனில் உளவுத்துறைத் தலைமை கொடுத்த அறிக்கையில் 144 சம்பவங்கள். அவற்றில் உறுதியாக விளக்கம் கிடைத்தது ஒன்றுக்குத்தான். அதுவும் காற்றுப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்! 2023 ஜூலை 26 அன்று டேவிட் குருஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி நாடாளுமன்றக் குழு முன்னால் சத்தியம் செய்து, அரசாங்கத்திடம் மனிதரல்லாத உயிரினங்களின் உடற்பகுதிகள் இருப்பதாகச் சொன்னார். தானே பார்த்தாரா என்றால் இல்லை, பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டார். 2024 மார்ச்சில் பென்டகன், 1945 முதல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டோம், வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரமே இல்லை என்றது. இந்த நம்பிக்கை பரவ டிவி தொடர்களும் புத்தகங்களும் சினிமாவும் காரணம் என்றும் அறிக்கையில் ஒரு வரி உண்டு. பெயர் சொல்லவில்லை, ஆனால் முதுகில் தட்டியது யாரை என்று தெரிகிறது.

அத்தோடு முடியவில்லை. 2025 ஜூனில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்ட செய்தி இது: எண்பதுகளில் ஒரு விமானப்படை கர்னல், நெவாடாவின் ஏரியா 51 ரகசியத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்த மதுக்கடைக்குப் போய்ப் பறக்கும் தட்டின் போலிப் படங்களைக் கொடுத்திருக்கிறார். அங்கே சோதித்துக்கொண்டிருந்த புது விமானங்களின் மேல் யார் கண்ணும் படாமல் இருக்கத்தான். 1997 மே மாதம் கார்ட்டரின் பாத்திரம் மல்டரிடம் சொன்ன அதே கதை! வேற்றுக்கிரகவாசி விஷயத்தில் அவர் கற்பனை எதுவும் நிரூபணமாகவில்லை. வேற்றுக்கிரகவாசி என்பதே மூடுதிரை என்று அவர் எழுதியது மட்டும் ஓரளவு நிஜமாகிவிட்டது.

கார்ட்டர் என்ன நினைக்கிறார்? 2021 ஜூனில், அந்த 144 சம்பவ அறிக்கை வந்த சமயத்தில், 'நியூயார்க் டைம்ஸ்'ல் ஒரு கட்டுரை எழுதினார். ஊரெல்லாம் மல்டர் ஜெயித்துவிட்டார் என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். மல்டரைப் படைத்தவர், இதை நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதினார். அதுவரைக்கும் அவரை மல்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏமாற்றம். வாட்டர்கேட்டைப் பதினாறு, பதினேழு வயதில் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு அது இயல்பு. அரசாங்கம் 'இல்லை' என்றபோது சந்தேகப்பட்டவர், அதே அரசாங்கம் 'இருக்கலாம்' என்றபோதும் சந்தேகப்பட்டார்.

புளூட்டோனியம் ஊசி போட்டுக்கொண்ட அந்த 18 பேருக்கு நியாயம் கேட்டது ஒரு நிருபர். பல வருடம் காகிதக் கட்டுகளைப் புரட்டி, இறந்துபோனவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசி, ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்து எழுதியவர். பூட்டிய அலமாரியைத் திறக்க மல்டரின் ஆசையும் வேண்டும், ஸ்கல்லியின் பொறுமையும் வேண்டும். டிவி எழுத்தாளர் அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமல் உட்கார வைத்தார். பாதிப் பேர் அதில் ஒருவரை மட்டும் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள் என்றால், அது அவர் எழுதிய கதை அல்ல.